மூட்டுவலிக்கு எதை விடுவது: தட்டில் இருப்பதையா, டம்ளரில் இருப்பதையா?

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் இரண்டு வருஷமாக ஒரு தாள் ஒட்டியிருந்தது. வாட்ஸ்அப்பில் வந்ததை அம்மா தன் கையெழுத்தில் எழுதி ஒட்டியது. ‘மூட்டுவலி உள்ளவர்கள் தொடக் கூடாதவை’ என்று தலைப்பு. அதற்குக் கீழே உருளைக்கிழங்கு, வாழைக்காய், தக்காளி, கத்திரிக்காய், புளி, துவரம்பருப்பு, உளுந்து, கீரை, தயிர், மீன், எலுமிச்சை என்று பதினொரு பெயர்கள்.

அந்தத் தாளை மூன்று பேர் பின்பற்றினார்கள். அம்மாவுக்கு 64 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, 51 வயது, யூரிக் ஆசிட் ஏறிக் கால் கட்டைவிரல் வீங்குகிறவர். எதிர்வீட்டு அக்காவுக்கு ருமட்டாய்டு, நாம் முடக்குவாதம் என்று சொல்வது. காலையில் எழுந்தால் முக்கால் மணி நேரத்துக்கு விரல் மடங்காது. மூன்று பேருக்கும் மூன்று வேறு நோய். தாள் மட்டும் ஒன்று.

ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் அம்மாவின் தொடைச் சதை வற்றியிருந்தது, மாடிப்படி முன்பைவிடக் கஷ்டமாகியிருந்தது. மாமாவுக்கு அந்த வருஷத்திலேயே இரண்டு முறை விரல் வீங்கியது. அக்காவுக்கு ஒரு மாற்றமும் இல்லை. அப்போதுதான் எந்த உணவை விட்டால் யாருக்கு என்ன கிடைக்கும், விடுவதால் எதை இழப்போம் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். நான் மருத்துவம் படித்தவன் இல்லை. மருத்துவரிடம் கேட்டது, தேடிப் படித்தது, வீட்டில் கண்ணால் பார்த்தது மூன்றையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

பெயரிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. கீல்வாதம் என்ற சொல்லைப் பத்திரிகைகள் தேய்மானத்துக்கும் போடுகின்றன, முடக்குவாதத்துக்கும் போடுகின்றன, யூரிக் ஆசிட் சேர்ந்து வரும் கவுட்டுக்கும் போடுகின்றன. ‘கீல்வாதத்துக்குப் பருப்பு ஆகாது’ என்று ஒருவர் கவுட்டை மனதில் வைத்துச் சொல்வார். முழங்கால் தேய்ந்தவர் அதைக் கேட்டுப் பருப்பை விட்டுவிடுவார். அம்மாவுக்கு நடந்தது அதுதான்.

தேய்மானத்தில் மூட்டின் குருத்தெலும்பு நாள்பட நாள்பட மெலிகிறது. முடக்குவாதத்தில் உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் மூட்டின் உள்சவ்வையே தாக்குகிறது. கவுட்டில் இரத்தத்தில் கரையாமல் மிஞ்சிய யூரிக் ஆசிட் ஊசி போன்ற படிகமாக மூட்டுக்குள் இறங்குகிறது. டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராம்தான் அது கரைந்து நிற்கும் எல்லை. இந்த மூன்றில் சாப்பாட்டுக்கும் வலிக்கும் நேரடித் தொடர்பு தெளிவாக இருப்பது கவுட்டில் மட்டும்தான். மற்ற இரண்டிலும் தொடர்பு சுற்றி வளைத்து வருகிறது. அதனால் எதையும் விடுவதற்கு முன்னால் எந்த நோய் என்பது உறுதியாகத் தெரிய வேண்டும்.

இரத்தப் பரிசோதனையில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வலி உச்சத்தில் இருக்கும்போது எடுத்தால் யூரிக் ஆசிட் சாதாரண அளவில் காட்டலாம். வலி அடங்கி இரண்டு வாரம் கழித்து எடுப்பதுதான் நம்பகமானது. அதேபோல் யூரிக் ஆசிட் கொஞ்சம் கூடியிருப்பதாலேயே முழங்கால் வலி எல்லாம் கவுட் ஆகிவிடாது. சந்தேகம் இருந்தால் மூட்டு நீரை ஊசியில் எடுத்து மைக்ரோஸ்கோப்பில் படிகத்தைப் பார்ப்பார்கள்.

பீரா, பிராந்தியா

மாமாவுக்கு முதல் முறை வலி வந்த இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஊரில் கிடா வெட்டு. மத்தியானம் ஈரல் வறுவல், சாயங்காலம் இரண்டு பீர். ராத்திரி இரண்டு மணிக்கு மாமா கத்திய சத்தத்தில் வீடே எழுந்துவிட்டது. வலது கால் கட்டைவிரலின் அடிப்பகுதி தக்காளி மாதிரி சிவந்து பளபளவென்று இருந்தது. அத்தை போர்வையை இழுத்து விட்டதற்கே துடித்துவிட்டார். ஃபேன் காற்று படுவதுகூடத் தாங்கவில்லை. தண்ணீர் குடிக்காமல் உடம்பு வற்றி, கால் விரல் குளிர்ந்து இருக்கும் பின்னிரவில்தான் இந்த வலி அதிகம் வருகிறது.

அதற்குப் பிறகு மாமா பீரை விட்டுவிட்டு பிராந்திக்கு மாறினார். பீரில்தானே பிரச்சினை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதில் பாதி உண்மை உண்டு. 2004-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 47,000-க்கும் மேற்பட்ட ஆண்களைப் பன்னிரண்டு வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். தினமும் குடிக்கும் ஒவ்வொரு பீருக்கும் கவுட் வரும் வாய்ப்பு 49 சதவீதம் கூடியது. பிராந்தி, விஸ்கி வகைக்கு 15 சதவீதம். அளவாகக் குடித்த ஒயினுக்கு ஏற்றம் தெரியவில்லை. பீரில் ஆல்கஹாலோடு பியூரினும் சேர்ந்து வருகிறது; அந்தப் பியூரின்தான் உடம்பில் யூரிக் ஆசிட் ஆகிறது.

ஆனால் அது கவுட் இல்லாதவருக்குப் புதிதாக வருவதைப் பற்றிய கணக்கு. ஏற்கெனவே கவுட் உள்ளவர்களை வைத்து 2014-இல் இன்னொரு ஆய்வு வந்தது. பீர், ஒயின், சாராய வகை எதைக் குடித்தாலும் அடுத்த 24 மணி நேரத்தில் வலி வரும் வாய்ப்பு கூடியது. ஆல்கஹால் சிறுநீரகம் யூரிக் ஆசிட்டை வெளியேற்றுவதைத் தடுக்கிறது, அது எந்தப் பாட்டிலில் இருந்து வந்தாலும். ஆக, மாமா போன்றவருக்கு பீரா பிராந்தியா என்பதே தவறான கேள்வி. இரண்டையும் விடுவதில் இழப்பு ஒன்றும் இல்லை, கிடைப்பதோ நிறைய. பட்டியலில் முதலில் வர வேண்டியது இது. அம்மாவின் தாளில் இது இல்லவே இல்லை.

முடக்குவாதக்காரர்களுக்கு வேறொரு காரணம். அந்த நோய்க்குக் கொடுக்கும் மெதோட்ரெக்சேட் மாத்திரை ஈரலைத் தொந்தரவு செய்யக்கூடியது, மதுவும் அப்படித்தான்; இரண்டும் ஒன்றாகச் சேரக் கூடாது. தினமும் வலிமாத்திரை போடும் தேய்மானக்காரர் குடித்தால் வயிற்றில் புண்ணாகி இரத்தம் கசியும் ஆபத்து கூடுகிறது.

சீனி போட்ட டம்ளர்

இரண்டாவது இடத்தை நான் இனிப்புப் பானத்துக்குத் தருவேன். இதைச் சொன்னால் வீட்டில் யாரும் நம்பவில்லை, ஏனென்றால் கலர், ஜூஸ், டீ எல்லாம் நமக்கு உணவுக் கணக்கிலேயே வராது.

சீனியில் பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். ஃபிரக்டோஸை ஈரல் உடைக்கும்போது அங்குள்ள ஆற்றல் மூலக்கூறுகள் வேகமாகச் செலவாகி, அதன் மிச்சம் யூரிக் ஆசிட்டாக மாறுகிறது. இறைச்சியே தொடாதவருக்கும் யூரிக் ஆசிட் ஏற இது ஒரு வழி. 2008-இல் வந்த ஆய்வில், தினமும் இரண்டு அல்லது அதற்கு மேல் சீனி சேர்த்த குளிர்பானம் குடித்த ஆண்களுக்கு, மாதத்துக்கு ஒன்றுகூடக் குடிக்காதவர்களைவிட கவுட் வரும் வாய்ப்பு 85 சதவீதம் கூடுதலாக இருந்தது. சீனி இல்லாத டயட் வகையில் அந்த ஏற்றம் இல்லை. பழச்சாறும் தப்பவில்லை, ஆரஞ்சு ஜூஸ் தினமும் குடித்தவர்களுக்கும் ஏற்றம் இருந்தது. ஆரஞ்சைச் சுளையாகத் தின்றால் ஒன்றோடு நிறுத்திவிடுவோம். பிழிந்து குடித்தால் மூன்று, நான்கு பழத்தின் இனிப்பு ஒரே மடக்கில் உள்ளே போகிறது.

சாதாரணக் கோலா பானத்தில் 100 மில்லிக்குச் சுமார் 10 கிராம் சீனி. 300 மில்லி பாட்டில் என்றால் ஆறு டீஸ்பூன். கரும்புச்சாறு அதற்குக் குறைந்தது இல்லை. ‘நான் கலர் எல்லாம் குடிப்பதில்லை’ என்று அம்மா சொன்னார். சரி என்று ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். காலை எழுந்ததும் ஒரு டீ, பதினொரு மணிக்கு ஒன்று, மூன்றரைக்கு ஒன்று, ஐந்தரைக்குப் பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்தால் ஒன்று, ராத்திரி பால். எல்லாவற்றிலும் இரண்டு ஸ்பூன். மொத்தம் பத்து ஸ்பூன், 50 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு அதிகபட்சம் என்று சொல்லும் அளவை டீயிலேயே அம்மா தொட்டுவிட்டார். நல்லது என்றால் 25 கிராம்.

கருப்பட்டிக்கு மாறலாமே என்று கேட்பார்கள். கருப்பட்டியில் மணம் உண்டு, கொஞ்சம் தாது உண்டு, ஆனால் அதில் பெரும்பகுதி சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். நாட்டுச் சர்க்கரையும் அப்படியே. தேனில் ஃபிரக்டோஸ் இன்னும் கொஞ்சம் கூடுதல். மூட்டைப் பொறுத்தவரை இந்த மாற்றம் மாற்றமே இல்லை. ஸ்பூன் எண்ணிக்கை குறைந்தால்தான் பயன்.

அப்போது எதைக் குடிப்பது? இதில் நம் ஊர் கொடுத்து வைத்தது. மோர் எல்லாவற்றிலும் முதல். கொழுப்பு குறைந்த பால், மோர் சாப்பிடுகிறவர்களுக்கு கவுட் குறைவாக வருவதை முதலில் சொன்ன அமெரிக்க ஆய்வுக் குழு அதே 2004-இல் காட்டியது. தயிரை விலக்கச் சொன்ன தாள் இதை நேர் தலைகீழாக எழுதியிருந்தது. சீனி இல்லாத காபியும் யூரிக் ஆசிட்டைக் குறைக்கும் பக்கம்தான் நிற்கிறது. இளநீர் நல்லது, ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பொட்டாசியம் காரணமாகக் கேட்டுக் குடிக்க வேண்டும். எலுமிச்சை புளிப்பு என்று பயப்பட வேண்டாம். சிட்ரிக் அமிலம் வேறு, யூரிக் அமிலம் வேறு. பெயரில் ஆசிட் இருப்பதால் புளிப்பெல்லாம் ஏற்றிவிடும் என்று நினைத்துக்கொள்கிறோம். உப்பு போட்ட சோடாவுக்குப் பதில் வெறும் தண்ணீரில் பிழிந்து குடிக்கலாம்.

ஒரே மத்தி மீன், இருவருக்கு இரு பதில்

அசைவத்தை மொத்தமாக விடுவது என்பது பலர் எடுக்கும் முடிவு. அதற்கு முன்னால் அசைவத்துக்குள்ளேயே ஒப்பிட வேண்டும், வித்தியாசம் அவ்வளவு பெரியது. ஈரல், கிட்னி, மூளை போன்ற உள்ளுறுப்புகளில் பியூரின் மிக அதிகம். அதற்கு அடுத்து நெத்திலி, மத்தி போன்ற சிறு மீன்கள். ஆட்டுக்கறி, கோழி, பெரிய மீன், இறால் நடுவில். முட்டையில் இல்லை என்றே சொல்லலாம். கவுட் உள்ளவருக்கு ஈரலையும் நெத்திலியையும் விட்டுவிட்டு முட்டையை வைத்துக்கொள்வது, அசைவம் மொத்தத்தையும் விட்டுவிட்டு இரண்டு மாதத்தில் பழையபடி திரும்புவதைவிட நல்லது.

ஆட்டுக்கால் சூப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மூட்டு வலிக்கிறது என்று சொன்ன மறுநாளே யாராவது ஒருவர் ஆட்டுக்கால் வாங்கி வந்துவிடுவார்கள். அந்த அன்பை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சூப்பில் இருக்கும் பசைப் பொருள் வயிற்றில் செரித்துப் புரதத் துகள்களாக உடைந்துவிடுகிறது. அது நேராகப் போய் முழங்காலில் ஒட்டிக்கொள்வதில்லை. தேய்மானம் உள்ளவருக்கு மிளகு போட்ட சூடான சூப், அவ்வளவுதான், கெடுதல் இல்லை. கவுட் உள்ளவருக்கு அப்படி இல்லை. பியூரின் தண்ணீரில் கரையும். மணிக்கணக்கில் கொதிக்க வைத்த எலும்புத் தண்ணீரில் அது இறங்கியிருக்கும். கறியைத் தின்னாமல் சாற்றை மட்டும் குடிக்கிறேன் என்று மாமா சொன்னது அதனால் பலிக்கவில்லை. வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கறியைச் சாப்பிட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

இப்போது மத்தி. எதிர்வீட்டு அக்கா தாளைப் பார்த்து மீனை நிறுத்தியிருந்தார். முடக்குவாதத்துக்கு மத்தி, அயிலை போன்ற எண்ணெய்ச் சத்துள்ள மீன் நல்ல பக்கத்தில் இருப்பது. அதில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு அழற்சியைக் கொஞ்சம் தணிக்கிறது. மீன் எண்ணெய் கொடுத்துச் செய்த பல ஆய்வுகளில் காலை விறைப்பும் வலியும் ஓரளவு குறைந்தன. அந்த ஆய்வுகளில் கொடுத்த அளவு, வாரம் இரண்டு நாள் குழம்பில் கிடைப்பதைவிடக் கூடுதல் என்பதால் அற்புதம் எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் மாமா விலக்க வேண்டிய அதே மீனைத்தான் அக்கா சாப்பிட வேண்டியிருந்தது. ஒரே தாள் மூன்று பேருக்கு ஏன் ஆகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

முடக்குவாதத்துக்கு முழுச் சைவமாக மாறினால் என்ன? 1991-இல் நார்வேயில் ஐம்பது சொச்சம் பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. ஒரு குழு சில நாள் உபவாசம் இருந்து, பிறகு ஒரு வருஷம் சைவம் சாப்பிட்டது. வழக்கமான உணவு சாப்பிட்டவர்களைவிட அவர்களுக்கு வலியும் வீக்கமும் குறைந்தன. சிறிய சோதனை, அதிலும் தான் என்ன சாப்பிடுகிறோம் என்பது அவரவருக்குத் தெரியும் என்பதால் மனத்தின் பங்கைப் பிரிக்க முடியாது. விருப்பமுள்ளவர் முயலலாம், மாத்திரையை நிறுத்தாமல். ஐரோப்பிய வாதநோய் மருத்துவர்களின் கூட்டமைப்பு 2021-இல் வகுத்த பரிந்துரையில், குறிப்பிட்ட ஓர் உணவைச் சேர்ப்பதால் இந்த நோய்களில் பெரிய நன்மை கிடைக்க வாய்ப்பில்லை என்றே நோயாளிகளிடம் சொல்லச் சொல்கிறது. முடக்கத்தான் தோசை பற்றியும் என் நிலை இதுதான். எங்கள் வீட்டில் வாரம் ஒரு நாள் உண்டு, எனக்குப் பிடிக்கும். அதை நம்பி அக்கா மெதோட்ரெக்சேட்டை நிறுத்தியிருந்தால் விரல் கோணிப்போயிருக்கும்.

பருப்பும் கீரையும் செய்யாத குற்றம்

அம்மாவின் தாளிலேயே அதிக நஷ்டம் தந்த வரி துவரம்பருப்பு. கவுட்டுக்குப் பருப்பை நிறுத்தச் சொல்லும் வழக்கம் நம் மருத்துவமனைகளிலும் இருக்கிறது. பருப்பில், கீரையில், காளானில், காலிஃபிளவரில் பியூரின் இருப்பது உண்மைதான். ஆனால் அந்த அமெரிக்க ஆய்வில் பியூரின் கூடிய காய்கறி சாப்பிட்டவர்களுக்கு கவுட் கூடவில்லை. அமெரிக்கர்கள் நம்மைப் போல் தினம் சாம்பார் சாப்பிடுகிறவர்களா என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. சிங்கப்பூர் சீனர்களிடையே நடந்து 2015-இல் வெளிவந்த பெரிய ஆய்வில், சோயாவும் மற்றப் பயறு வகைகளும் கூடுதலாகச் சாப்பிட்டவர்களுக்கு கவுட் குறைவாகவே வந்தது; கோழியும் மீனும் கூடியவர்களுக்கு அதிகமாக வந்தது.

இதை வைத்துப் பருப்பையும் பீரையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது. வலி உச்சத்தில் இருக்கும் நாலைந்து நாளுக்குப் பருப்பைக் குறைக்கச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். வருஷக் கணக்கில் விட்டால் சைவ வீட்டில் புரதத்துக்கு வேறு எங்கே போவது? முழங்காலைத் தாங்கிப் பிடிப்பது முன்தொடைச் சதை. தேய்மானத்துக்கு மருத்துவர் முதலில் சொல்லும் வைத்தியமே அந்தச் சதையைப் பலப்படுத்தும் பயிற்சிதான். அம்மா பருப்பையும் உளுந்தையும் தயிரையும் மீனையும் ஒரே நாளில் விட்டுவிட்டு, சோறும் ரசமும் சீனி டீயும் மட்டும் வைத்துக்கொண்டார். சதை கரைந்தது, இடுப்பைச் சுற்றி எடை அப்படியே இருந்தது. வலி கூடாமல் என்ன செய்யும்?

வாயுப் பதார்த்தம் என்ற பெயரில் உருளையும் வாழைக்காயும் பழி சுமக்கின்றன. சித்த மருத்துவம் சொல்லும் வாதம் ஒன்று, சாப்பிட்டபின் வயிற்றில் உப்பும் வாயு வேறொன்று. குடலில் சேரும் வாயு முழங்காலுக்குப் போக வழியில்லை. வயிறு உப்பினால் அதற்காகக் குறைக்கலாம்.

தக்காளி, கத்திரிக்காய் விஷயத்தில் நான் அவ்வளவு உறுதியாகப் பேச மாட்டேன். உருளைக்கிழங்கும் இவையும் ஒரே செடிக் குடும்பம், அதில் சோலனின் என்ற நச்சுப்பொருள் உண்டு என்பதால் மேல்நாட்டிலும் இந்தப் பேச்சு இருக்கிறது. முளைவிட்ட, பச்சை நிறமான உருளையில்தான் அது கவனிக்கத்தக்க அளவு சேரும். நாம் எப்படியும் அதைச் சீவி எறிவோம். இவை மூட்டுவலியைக் கூட்டும் என்று எந்த நல்ல சோதனையும் நிரூபிக்கவில்லை. ஆனால் நியூசிலாந்தில் கவுட் உள்ளவர்களிடம் கேட்டபோது, உணவால் வலி வருகிறது என்றவர்களில் ஐந்தில் ஒருவர் தக்காளியைச் சொன்னார். ஒருவர் உடம்பு சொல்வதை நாம் இல்லை என்று சொல்லக் கூடாது. சோதித்துப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

அம்மா சோதித்தார். மாதக் காலண்டரில் தினமும் ராத்திரி அந்தத் தேதிக் கட்டத்துக்குள் பென்சிலால் வலிக்கு ஒரு எண், 0 முதல் 10 வரை. மூன்று வாரம் தக்காளி இல்லாமல், பிறகு மூன்று வாரம் தக்காளியோடு. இரண்டு பக்கமும் 4, 5, 4, 6 என்றேதான் ஓடியது. 7 வந்த நாட்களைப் பார்த்தால் ஒன்று மழை நாள், இரண்டு நாள் கல்யாண வீட்டில் நின்றுகொண்டே இருந்தது. அப்புறம் புளிக்கும் அதே மாதிரி செய்தோம், அதே பதில். ஒரே சமயத்தில் பதினொரு பொருளை விட்டால் எதனால் என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது. ஒன்றை விட்டு, எழுதி வைத்து, திரும்பச் சேர்த்துப் பார்த்தால் அவரவர் உடம்பின் பதில் கிடைத்துவிடும்.

உப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உப்பு நேராக மூட்டை வலிக்க வைப்பதாக எண்ணி நான் குறைக்கச் சொல்லவில்லை. வலிமாத்திரைகள் பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தைச் சோர வைக்கும். உப்பும் அதே வேலையைச் செய்யும். தினமும் வலிமாத்திரை போடுகிறவர் வீட்டில் ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் ஒரே சாப்பாட்டில் வரக் கூடாது. நெத்திலிக் கருவாடு என்றால் மாமாவுக்கு இரட்டை நஷ்டம், உப்பும் பியூரினும். வடை, பஜ்ஜி, பரோட்டா எல்லாம் எடைக் கணக்கில் வருகின்றன. எடையைக் குறைத்த முழங்கால் நோயாளிகளை வைத்து 2005-இல் வந்த ஆய்வின்படி, ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் பாரம் நான்கு கிலோ குறைகிறது. தேய்மானத்துக்கு உணவால் ஆகக்கூடிய பெரிய உதவி இந்த ஒன்றுதான். அதற்காகப் பட்டினி கிடக்க வேண்டாம். கவுட் உள்ளவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருந்தால் யூரிக் ஆசிட் ஏறி அதுவே வலியைக் கிளப்பும்.

சாப்பாட்டால் ஆகாத ஒரு பங்கும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் இந்த ஒப்பீடு நேர்மையாக இருக்காது. உடம்பில் உள்ள யூரிக் ஆசிட்டில் மூன்றில் இரண்டு பங்கு உடம்பே தயாரிப்பது. கடும் பத்தியம் இருந்தாலும் பெரும்பாலும் 1 மில்லிகிராம் அளவுக்குத்தான் இறங்கும். மாமாவுக்கு 8.9 இருந்தது, 6-க்குக் கீழே கொண்டுவரப் பத்தியம் மட்டும் போதாது என்று மருத்துவர் யூரிக் ஆசிட்டைக் குறைக்கும் அல்லோபியூரினால் மாத்திரை எழுதித் தந்தார். பிரஷருக்கு மாமா போட்டுக்கொண்டிருந்த நீர் பிரியும் மாத்திரையும் யூரிக் ஆசிட்டை ஏற்றக்கூடியது என்று சொல்லி அதை மாற்றினார். நாங்கள் துவரம்பருப்பைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த இரண்டு வருஷமும் அது மாத்திரை டப்பாவில் இருந்தது. (மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது; எந்தெந்த மாத்திரை போடுகிறோம் என்று டப்பாவையே கையில் எடுத்துப் போய்க் காட்டினால் போதும்.) அல்லோபியூரினால் ஆரம்பித்த முதல் சில மாதத்தில் வலி ஒருமுறை வந்தது. ஒத்துக்கொள்ளவில்லை என்று மாமா நிறுத்தப் பார்த்தார். பழைய படிகங்கள் கரையும்போது அப்படி வருவது வழக்கம்தான் என்று முன்பே சொல்லியிருந்ததால் தொடர்ந்தார்.

இப்போது ஃபிரிட்ஜ் கதவில் புதுத் தாள் இருக்கிறது, மூன்று பத்தியாகக் கோடு போட்டது. மாமா பத்தியில்: மது இல்லை, கலர் இல்லை, ஈரல், நெத்திலி, எலும்பு சூப் இல்லை, சாம்பார் உண்டு, மோர் நிறைய. அக்கா பத்தியில்: மீன் வாரம் இரண்டு நாள், மாத்திரை விடக் கூடாது. அம்மா பத்தியில்: டீ இரண்டு, சீனி அரை ஸ்பூன், தினம் ஒரு கிண்ணம் பருப்பு, ஒரு முட்டை, காலையில் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்குவது இருபது தடவை. அம்மா எட்டு மாதத்தில் நான்கு கிலோ குறைந்திருக்கிறார். காலண்டர் கட்டங்களில் 3 அதிகமாகத் தெரிகிறது. மாமாவின் கடைசி ரிப்போர்ட்டில் 5.6.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா கத்திரிக்காய் புளிக்குழம்பும் பருப்புத் துவையலும் வைத்திருந்தார். மாமா சாப்பிட வந்தார். இலையில் எல்லாம் வந்தபின் அம்மா ஃபிரிட்ஜைத் திறந்து சொம்பில் மோரை எடுத்துக்கொண்டு, கதவில் இருந்த மாமாவின் பத்தியை ஒருமுறை படித்துவிட்டு வந்து ஊற்றினார்.